அலாரம் சத்தத்தில் மயங்கி விழுந்தால் வலிப்பு என்று முடிவு கட்டாதீர்கள்

விடியற்காலை கைப்பேசி அலாரம் அலறுகிறது. திடுக்கிட்டு எழுந்த பிள்ளை கட்டிலோரமே சுருண்டு விழுகிறாள். பட்டர்வொர்த் ஆனாலும் ஜார்ஜ்டவுன் ஆனாலும் நம் வீடுகளில் அடுத்த பேச்சு ஒன்றுதான்: "ராத்திரி சரியா சாப்பிடல, அதான்." கை கால் வெட்டி இழுத்திருந்தால் வலிப்பு என்று முடிவாகிவிடும். தவறுகளிலேயே ஆபத்தானது இதுதான். திடீர்ச் சத்தத்துக்கு மயங்குவது நீண்ட க்யூடி நோயின் இரண்டாம் வகையில் அடிக்கடி காணும் அடையாளம். ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயச் செல்கள் ஓய்வுக்குத் திரும்பத் தாமதமாகும் மரபு நோய் இது. ஈசிஜி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இந்த வகையில் குறைவது ஹெர்க் என்ற பொட்டாசியம் சேனலின் வேலை. சேனல் என்பது செல்லின் மேற்பரப்புச் சவ்வில் பொட்டாசியத்தை வெளியே விடும் புரதக் கதவு. துடித்து முடித்த இதயச் செல்லை ஓய்வுக்குக் கொண்டுவருவது அது. மரபணுப் பிழை என்றதும் சேனல் அடைத்துக்கொண்டது என்று மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலான திரிபுகளில் சேனல் செல்லின் மேற்பரப்புக்கு வந்தே சேர்வதில்லை. செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலை என்ற பகுதியில் உருவாகி, கோல்கி என்ற அடுத்த பகுதியில் முழுமை பெற்று, அப்புறம்தான் அது சவ்வுக்குப் போக வேண்டும். புரதம் மடிந்த விதத்தில் சிறு கோணல் இருந்தாலும் உள்ளிருக்கும் காவல் புரதங்கள் பிடித்து வைத்து அழிக்க அனுப்பிவிடும். பினாங்குப் பாலத்துக்கு முன்னாலேயே லாரியை மடக்கிவிட்டால் லிட்டில் இந்தியா கடையில் அலமாரி காலிதானே? ஆய்வகத்தில் செல்களை 37 டிகிரிக்குப் பதில் 27 டிகிரியில் வளர்த்தால், சில திரிபுச் சேனல்கள் சவ்வை எட்டி வேலையும் செய்கின்றன. எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டும் விஷயம் இது.

சில மருந்துகளும் ஹெர்க்கின் வேலையைக் குறைத்துவிடும்; அங்கேயும் இந்த வேறுபாடு முக்கியம். எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சேனலை நேராக அடைக்கும். பென்டமிடின் என்ற தொற்று மருந்து புதுச் சேனல்களின் பயணத்தைத் தடுக்கிறது. மேலே இருக்கும் பழையவை தேயத் தேயத்தான் விளைவு தெரியும். அதனால் முதல் நாள் ஈசிஜியைப் பார்த்து நிம்மதியடைவது தவறு.

வாந்தி பேதியையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கினால் சவ்வில் இருக்கும் ஹெர்க் சேனல்களும் குறைகின்றன. இந்த நோய் உள்ளவருக்கு இளநீர் மட்டும் போதாது, ரத்தப் பரிசோதனை வேண்டும்.

ஈசிஜி தாளில் ஒரு பெரிய கட்டம் 200 மில்லிசெகண்ட். க்யூடி என்பது கீழறைத் துடிப்பின் மின் அலை தொடங்கி, செல்கள் ஓய்வுக்கு வரும் வரையான நேரம். துடிப்பு வேகத்துக்குத் திருத்திய க்யூடி இரண்டரைக் கட்டத்தை, அதாவது 500 மில்லிசெகண்டைத் தாண்டினால் ஆபத்து அதிகம். ஆனால் ஒரு முறை சரியாக இருந்தது என்பதற்காக நோய் இல்லை என்று ஆகாது. ஒரு பிள்ளைக்கு உறுதியானால் கூடப்பிறந்தவர்களையும் அழைத்துப் போங்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.