பெட்டை வாத்தின் குரலில் ஊதுவது

மலேசியாவின் பட்டர்வொர்த் கோயில்களில் நாதஸ்வரம் வாசித்தவன் நான். நடுவில் 6 வருடம் நியூசிலாந்தின் வைகாத்தோ பக்கம் மாட்டுப்பண்ணையில் வேலை. வாத்து வேட்டைக்குப் போனதும் அங்கேதான். மே மாத முதல் சனிக்கிழமை சீசன் தொடங்கும். இப்போது அக்கா மகன் அங்கே போகிறான். அவனுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

வாத்தைப் போலக் குரல் எழுப்பி அதைக் கூப்பிடும் வாத்து ஊதலுக்குள், மைலார் என்ற பிளாஸ்டிக் தாளில் வெட்டிய ஒரு மெல்லிய நாக்கு இருக்கும். நாதஸ்வரத்தின் சீவாளி போல உதட்டில் அகப்படாது. உதட்டால் சுருதி சேர்த்தே பழகிய எனக்கு அதை மறக்கவே ஒரு மாதம் ஆனது. கன்னத்தை உப்பி ஊதினால் பீப்பிச் சத்தம்தான் வரும். மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும்முன் 'ஹா' என்று ஊதுகிறோமே, அந்தக் காற்று அடிவயிற்றிலிருந்து வர வேண்டும். முடிவில் 'க்' என்று வெட்டி நிறுத்த வேண்டும்.

மல்லார்ட் என்ற காட்டு வாத்து இனத்தில் உரத்துக் கத்துவது பெட்டைதான். ஆணின் குரல் கரகரவென்று அடங்கியிருக்கும். அதனால் ஒற்றைப் பெட்டையின் 'குவாக்' சுத்தமாக வரும்வரை வேறெதுவும் வேண்டாம். அப்புறம் ஐந்து குரல்: முதலாவது நீளமாக, மேலே; மற்றவை ஒவ்வொன்றாகக் குறுகி இறங்கும். நான் பாகான் ஆஜாம் கடற்கரையில் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பழகுவேன்.

எப்போது ஊதுவது என்பதுதான் பெரிய பாடம். ஒரு விடியலில் நான்கு வாத்துகள் எங்களைச் சுற்றின. நான் விடாமல் ஊதினேன். மூன்றாவது சுற்றில் விலகிப் போய்விட்டன. பக்கத்திலிருந்த வயதான பண்ணைக்காரர் என் ஊதலைக் கையால் மூடினார். நேராக நம்மை நோக்கி வரும் வாத்தைக் கூப்பிடக் கூடாது. வாலும் இறக்கை நுனியும் தெரிந்தால், அதாவது விலகிப் போகிறது என்றால், அப்போது ஊதுங்கள். காற்று ஓய்ந்த நாளில் மெதுவாக, அடிக்கும் நாளில் உரக்க. வாத்து எதிர்காற்றில்தான் இறங்கும். காற்றை முதுகுக்கு வைத்து உட்காருங்கள். வாத்துகளை ஈர்க்கத் தண்ணீரில் மிதக்கவிடும் பொம்மை வாத்துகளுக்கு நடுவே இறங்க இடம் விடுங்கள்.

அங்கே வேட்டை உரிமம் கட்டாயம். இங்கே மலேசியாவில், செபராங் பிறை வயல்களில் இதை முயல வேண்டாம். இங்குள்ள பெலிபிஸ் சீழ்க்கை அடிக்கும் வாத்து, இந்தக் குரல் அதன் குரலே இல்லை. உரிமமில்லாமல் வேட்டையாடுவது 2010 வனவிலங்குச் சட்டப்படி குற்றமும்கூட.

குளிரில் எச்சில் பட்டு ஊதலின் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கழற்றி, உதறி, பருத்தித் துணியால் துடைத்துச் சட்டைக்குள் வையுங்கள்.