கார் ஆறியிருக்கும்போதே பாத்துடுங்க: கூலன்ட், வைப்பர், டயர் மூணையும் வீட்லயே கவனிச்சுக்கறது எப்படி

ராத்திரி முழுக்க நின்னு இன்ஜின் நல்லா ஆறிப்போய் இருக்கும் பாருங்க, காலைல சாவி போடறதுக்கு முன்னாடி, அந்த நேரம்தான் வண்டியை செக் பண்ண சரியான நேரம். நிறைய பேர் பெட்ரோல் போட நிக்கும்போதோ, நீளமான பயணத்துல நடுவுல நிறுத்தும்போதோதான் பானெட்டைத் தூக்கிப் பாக்கறாங்க. அப்ப கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர வெக்கற திரவம், சூட்டுல விரிஞ்சு லெவல் ஏறி நிக்கும், டயர்ல இருக்கற காத்தும் சூடாகி பிரஷர் கூடுதலா காட்டும், ஆக ரெண்டுமே உங்களுக்கு தப்பான கணக்கைத்தான் சொல்லும், நீங்களும் எல்லாம் சரியா இருக்குன்னு நிம்மதியா கிளம்பிடுவீங்க. அதனால மாசத்துக்கு ஒரு காலை, அப்புறம் தூரமா எங்கயாவது கிளம்பறதுக்கு முந்தின நாள் ஒரு தடவை, கால் மணி நேரம் ஒதுக்குங்க. ஒரு டார்ச், ஒரு பழைய துணி, ஒரு டயர் பிரஷர் கேஜ், வண்டியோட குடுத்த மேனுவல் புக்கு, இவ்வளவுதான் வேணும். வண்டி மட்டும் சமதளத்துல நிக்கணும்.

முதல்ல கூலன்ட், ஏன்னா இதுலதான் அசால்ட்டா இருந்தா இன்ஜினே போயிடும். பானெட்டுக்கு உள்ள பாதி கண்ணாடி மாதிரி தெரியற ஒரு பிளாஸ்டிக் டேங்க் இருக்கும், பக்கவாட்டுல MIN, MAX அர்த்தத்துல ரெண்டு கோடு போட்டிருப்பாங்க, கூலன்ட் அந்த ரெண்டுக்கும் நடுவுல நின்னா போதும். டேங்க் பழசாகி மஞ்சள் பூத்துப்போய் லெவல் தெரியலன்னா பின்பக்கத்துல இருந்து டார்ச் அடிச்சுப் பாருங்க, இல்லன்னா வண்டியை லேசா ஆட்டுங்க, உள்ள தளும்பறது தெரியும். கலரையும் பாருங்க, கலர் எதுவா இருந்தாலும் தெளிவா இருக்கணும், துருப்பிடிச்ச தண்ணி மாதிரி பழுப்பா இருந்தாலோ மேல எண்ணெய் மிதந்தாலோ அதை டாப் அப் பண்ணி சமாளிக்காதீங்க, மெக்கானிக்கிட்ட காட்டுங்க.

சாதாரணத் தண்ணி ஊத்தினா என்ன ஆகும்னு கேக்கறவங்க நிறைய. தண்ணி 100 டிகிரில கொதிச்சிடும். கூலன்ட்டோட முக்கிய கெமிக்கலான எத்திலீன் கிளைகாலும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சும்மா திறந்த பாத்திரத்துலயே 107 டிகிரி கிட்ட போனாதான் கொதிக்கும், அதுவே ரேடியேட்டர் மூடி உள்ள பிரஷரைப் பிடிச்சு வெச்சிருக்கும்போது 125 டிகிரி வரைக்கும்கூட கொதிக்காம தாங்கும். குளிர்ல மைனஸ் 37 டிகிரி வரைக்கும் உறையாது. இது போக துருப்பிடிக்காம இருக்கறதுக்கான கெமிக்கலும் அதுலதான் இருக்கு, குழாய்த் தண்ணில அது கிடையாது, அதுக்கு பதிலா கால்சியமும் மெக்னீசியமும் இருக்கு, அது இன்ஜின் உள்பக்கம் சூடான சுவர்ல உப்பா படிஞ்சு கொஞ்சம் கொஞ்சமா வழியை அடைச்சிடும். அப்ப தண்ணியே கலக்காத கான்சன்ட்ரேட்டாவே முழுக்க ஊத்திட்டா இன்னும் நல்லதான்னு யோசிக்காதீங்க, தனி கிளைகால் சூட்டைக் கடத்தறது தண்ணியை விட மோசம், அது மைனஸ் 13 டிகிரி கிட்டயே உறைஞ்சும் போயிடும். கலவைதான் வேலை செய்யும். கடைல வாங்கும்போது ரெடி மிக்ஸா கான்சன்ட்ரேட்டான்னு லேபிளைப் பாத்து வாங்குங்க, ரெடி மிக்ஸ்ல ஒரு சொட்டு தண்ணிகூட சேக்கக்கூடாது.

கலரை வெச்சு மட்டும் கூலன்ட் வாங்காதீங்க. பச்சை, சிவப்பு, பிங்க், நீலம்னு கம்பெனிக்கு கம்பெனி அவங்க இஷ்டத்துக்கு சாயம் போடறாங்க, ஒரே கலர்ல ரெண்டு வேற வேற கெமிக்கல் இருக்கலாம், ஒத்துவராத ரெண்டைக் கலந்துட்டா சில சமயம் உள்ளயே கூழ் மாதிரி கெட்டியாகிடும். மேனுவல்ல என்ன ஸ்பெசிஃபிகேஷன் போட்டிருக்கோ அதேதான் பாட்டில் மேலயும் இருக்கணும். பழைய டைப் கூலன்ட்டுன்னா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும், லாங் லைஃப் டைப் பெரும்பாலும் அஞ்சு வருஷம் வரும், ஆனா உங்க வண்டிக்கு மேனுவல் சொல்றதுதான் கணக்கு. டாப் அப் பண்றதை தாராளமா நீங்களே செய்யுங்க. முழுசா இறக்கி மாத்தறதை மட்டும் பழக்கம் இல்லாதவங்க மெக்கானிக்கிட்ட விட்டுடறது நல்லதுன்னு நான் நினைக்கறேன், ஏன்னா உள்ள காத்து மாட்டிக்கிச்சுன்னா அதை வெளியேத்தாம ஓட்டினா கூலன்ட் நிறைய இருந்தும் இன்ஜின் சூடாகும்.

இதை மட்டும் தயவுசெஞ்சு மனசுல வெச்சுக்கோங்க, சூடா இருக்கும்போது மூடியைத் திறக்கவே திறக்காதீங்க. உள்ள இருக்கற பிரஷர்தான் அதைக் கொதிக்கவிடாம பிடிச்சு வெச்சிருக்கு, மூடியைத் திருகின அடுத்த நொடி பிரஷர் போயிடும், மொத்தமும் கொதிச்சு ஆவியோட முகத்துல பீச்சி அடிக்கும். ஆறின அப்புறமும் மூடி மேல கெட்டியா துணியைப் போட்டு, கால் சுத்து திருப்பி, சத்தம் ஏதாவது வருதான்னு நின்னு கேட்டுட்டு, அப்புறம் மீதியைத் திருப்புங்க.

மாசா மாசம் லெவல் இறங்கிட்டே இருந்தா டாப் அப் பண்ணிட்டே போறது வைத்தியம் இல்ல, எங்கயோ ஒழுகுது. வண்டி நின்ன இடத்துல ஈரம் இருக்கா பாருங்க, ஹோஸ் பைப்பை ஆறினப்ப கையால அமுக்கிப் பாருங்க, மொறுமொறுன்னு வெடிப்பு விட்டிருந்தாலும் கொழகொழன்னு அமுங்கினாலும் மாத்த வேண்டிய நேரம் வந்தாச்சு. வண்டிக்குள்ள இனிப்பா ஒரு வாசனை, முன்கண்ணாடில எண்ணெய்ப் பசையா புகை படியறது, கால் வெக்கற இடத்துல கார்ப்பெட் நனையறது, இதெல்லாம் ஹீட்டர் கோர், அதாவது வண்டிக்குள்ள சூடு காத்து தர்ற சின்ன ரேடியேட்டர், ஒழுகறதோட அடையாளம். வெளிய எங்கயும் ஒழுகல, ஆனா இன்ஜின் சூடான அப்புறமும் சைலன்சர்ல வெள்ளைப் புகை நிக்காம வருது, ஆயிலும் பால் கலந்த மாதிரி இருக்குன்னா ஹெட் கேஸ்கெட் (இன்ஜினோட மேல் பாகத்துக்கும் கீழ் பாகத்துக்கும் நடுவுல இருக்கற சீல்) போயிருக்க வாய்ப்பு அதிகம், அதுக்கு மேல வண்டியை ஓட்டாதீங்க.

ஓட்டிட்டு இருக்கும்போதே டெம்பரேச்சர் முள்ளு ஏறினா ஏசியை ஆஃப் பண்ணிட்டு ஹீட்டரை ஃபுல்லா போடுங்க, வேர்த்துக் கொட்டும்தான், ஆனா இன்ஜின் சூட்டுல கொஞ்சம் அது வழியா வெளிய போகும், அப்படியே பாதுகாப்பான இடமா பாத்து ஓரங்கட்டி இன்ஜினை அணைச்சிடுங்க. அரை மணி நேரமாவது காத்திருங்க. அவசரப்பட்டு சூடான இன்ஜின்ல பச்சைத் தண்ணியை ஊத்தினா உலோகம் வெடிப்பு விட்டுடும். நல்லா ஆறின அப்புறம் வேற வழியே இல்லன்னா தண்ணி ஊத்தி பக்கத்து ஒர்க்‌ஷாப் வரைக்கும் போலாம், அப்புறம் அதை இறக்கிட்டு சரியான கூலன்ட் மாத்திடணும்.

கூலன்ட் விஷம். அது இனிப்பா இருக்கறதால நாய், பூனை நக்கிடும், சின்னப் பசங்களும் வாயில வெச்சிடுவாங்க, கொஞ்சமா உள்ள போனாலே கிட்னி பழுதாகும். தரைல சிந்தினா உடனே துடைச்சு தண்ணி விட்டு அலசுங்க, மிச்சம் இருக்கறதை குடிக்கற தண்ணி பாட்டில்ல எந்தக் காரணத்துக்காகவும் ஊத்தி வெக்காதீங்க.

வைப்பர் சின்ன விஷயம், ஆனா மழை பிடிச்ச அப்புறம்தான் ஞாபகம் வரும். அந்த ரப்பர் மழையால கெடறதை விட வெயில்லதான் சீக்கிரம் கெடும், ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம் வரைக்கும்தான் நல்லா துடைக்கும். கோடு கோடா தண்ணியை விட்டுட்டுப் போனாலோ, கடகடன்னு துள்ளினாலோ, உடனே புதுசு வாங்காதீங்க, முதல்ல ஈரத்துணியால ரப்பர் ஓரத்தை நீளவாக்குல துடைங்க, துணில கருப்பு வர்றது நிக்கற வரைக்கும். கண்ணாடியையும் நல்லா கழுவுங்க, எண்ணெய்ப் படலம் இருந்தா புது பிளேடுகூட துள்ளும். அதுக்கும் சரியாகலன்னா மாத்துங்க.

மாத்தறது ரொம்ப ஈஸி. ரெண்டு பிளேடும் பெரும்பாலும் ஒரே நீளம் இருக்காது, தனித்தனியா அளந்துட்டு வாங்குங்க. பிளேடைப் பிடிச்சிருக்கற கம்பியை, அதாவது ஆர்மைத் தூக்கி நிறுத்துங்க, சில வண்டில ஆர்ம் பானெட்டுக்கு அடியில ஒளிஞ்சிருக்கும், அதை சர்வீஸ் பொசிஷனுக்குக் கொண்டுவர்ற முறை மேனுவல்ல இருக்கும். தூக்கின உடனே கண்ணாடி மேல ஒரு தடிமனான துண்டை மடிச்சுப் போட்டுடுங்க, ஆர்ம்ல இருக்கற ஸ்பிரிங் ரொம்ப ஸ்ட்ராங், பிளேடு இல்லாத நேரத்துல கை தவறி அது படார்னு விழுந்தா கண்ணாடியே விரிசல் விட்டுடும். இப்ப பிளேடை ஆர்முக்கு குறுக்கா திருப்பினா நடுவுல ஒரு சின்ன பிளாஸ்டிக் லாக் தெரியும், அதை அமுக்கிட்டே பிளேடை ஆர்மோட அடிப்பக்கமா இழுத்தா கொக்கியை விட்டு வந்துடும். புதுசை அதே கொக்கில மேல் பக்கமா இழுத்து மாட்டுங்க, டக்குன்னு சத்தம் கேக்கணும், கேக்கலன்னா மாட்டலன்னு அர்த்தம். ரப்பர் மேல பாதுகாப்புக்கு ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தா அதையும் உருவிடுங்க. காஞ்ச கண்ணாடில வைப்பர் போடாதீங்க, முதல்ல தண்ணி அடிங்க. பனி உறைஞ்சு பிளேடு கண்ணாடியோட ஒட்டிக்கிட்டு இருக்கும்போது சுவிட்சைப் போட்டா ரப்பரும் கிழியும், மோட்டாரும் கஷ்டப்படும். வாஷர் டேங்க்ல நுரை வர்ற சோப்பு வேண்டாம், அதுக்குன்னே இருக்கற வாஷர் ஃப்ளூயிட் போதும்.

அடுத்தது டயர். ரோட்டைத் தொட்டுட்டு இருக்கறது நாலு உள்ளங்கை அகலம்தான், பிரேக்கு, ஸ்டியரிங் எல்லாம் அதை நம்பித்தான். காத்து எவ்வளவு வேணும்ங்கறது டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல இருக்கும், சில வண்டில பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் இருக்கும். டயர் மேலயே எழுதியிருக்கற நம்பரைப் பாத்து அடிக்காதீங்க, அது அந்த டயர் தாங்கற அதிகபட்சம். வண்டி ஓடாம இருக்கும்போது, இல்லன்னா அதிகபட்சம் ரெண்டு கிலோமீட்டர் ஓடினதுக்குள்ள அளக்கணும். கேஜை வால்வுல நேரா வெச்சு அமுக்குங்க, உஸ்ஸுன்னு வர்ற சத்தம் நின்னாதான் வர்ற ரீடிங் சரி. ஓடி சூடான டயர் கூட காட்டுதேன்னு காத்தை இறக்கிடாதீங்க, ஆறின அப்புறம் அது குறைவா போயிடும். சும்மா நின்னாலே மாசத்துக்கு ஒரு பிஎஸ்ஐ (காத்தோட பிரஷரை அளக்கற அளவு) கிட்ட குறையும், வெளிய சூடு அஞ்சாறு டிகிரி இறங்கினா இன்னொரு பிஎஸ்ஐ குறையும். டேஷ்போர்டுல டயர் லைட்டு வரும்ல அப்ப பாத்துக்கலாம்னு இருக்கறவங்களுக்கு ஒரு விஷயம், நிறைய வண்டில அந்த லைட்டு 25 சதவீதம் குறைஞ்ச அப்புறம்தான் எரியும், அதாவது 32 இருக்க வேண்டிய டயர் 24க்கு வர்ற வரைக்கும் அது வாயே திறக்காது.

டயரோட பட்டனை, அதாவது ரோட்டைத் தொடற வரிவரியான ரப்பரைப் பாருங்க. டயர்ல ஓடற வாய்க்கால் உள்ள விரலை விட்டுத் தடவினா அங்கங்க குறுக்கா ஒரு சின்ன மேடு தட்டுப்படும், மேல்பரப்பு தேஞ்சு அந்த மேட்டுக்கு சமமா வந்துட்டா மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான், மொட்டைன்னு அர்த்தம், உடனே மாத்தணும். நான் சொல்றது 3 மில்லிமீட்டர்லயே மாத்திடுங்க, ஈர ரோட்டுல வேகமா போகும்போது தண்ணியைத் தள்ளிவிட ஆழம் பத்தலன்னா டயர் ரோட்டைத் தொடாம தண்ணி மேல மிதக்கும், அந்த நேரத்துல ஸ்டியரிங்கும் கேக்காது பிரேக்கும் கேக்காது. தேஞ்சிருக்கற விதமே கதை சொல்லும்: நடுவுல மட்டும் தேஞ்சா காத்து ஜாஸ்தி, ரெண்டு ஓரமும் தேஞ்சா காத்து கம்மி, ஒரு ஓரம் மட்டும்னா அலைன்மென்ட், அதாவது வீல் நிக்கற கோணம், சரியில்ல, மேடும் பள்ளமுமா தேஞ்சிருந்தா பேலன்சிங் இல்லன்னா சஸ்பென்ஷன். பக்கவாட்டுல கொப்புளம் மாதிரி வீங்கியிருந்தா உள்ள இருக்கற நூல் அறுந்திருக்கு, அந்த டயர் எப்ப வேணாலும் வெடிக்கும், அதோட வெளியூர் கிளம்பாதீங்க.

வயசும் முக்கியம். டயர் பக்கவாட்டுல டிஓடின்னு (DOT) ஆரம்பிக்கற எழுத்தோட கடைசி நாலு நம்பர்தான் பிறந்த தேதி, 2319ன்னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் தயாரானது. ஆறு வருஷம் தாண்டினா பட்டன் நிறைய இருந்தாலும் வருஷா வருஷம் செக் பண்ணுங்க, பத்து வருஷத்துக்கு மேல வேண்டவே வேண்டாம். புதுசு வாங்கும்போதும் இந்த நம்பரைப் பாத்துட்டு வாங்குங்க. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை முன்னயும் பின்னயும் மாத்திப் போட்டா நாலும் ஒண்ணா தேயும். ரெண்டு டயர் மட்டும்தான் புதுசுன்னா அதைப் பின்னாடி போடுங்க, இன்ஜின் முன் வீலைச் சுத்தற வண்டியா இருந்தாலும் சரி, ஏன்னா ஈரத்துல பின்பக்கம் வழுக்கினா வண்டி சுத்திடும், சமாளிக்கறது ரொம்பக் கஷ்டம்.

பானெட் திறந்திருக்கும்போதே ஆயில் அளக்கற கம்பியை (டிப்ஸ்டிக்) உருவித் துடைச்சு மறுபடி விட்டு ஆயில் லெவல் பாத்துடுங்க, சில இன்ஜினுக்கு சூடாக்கி அணைச்சு கொஞ்ச நேரம் கழிச்சுப் பாக்கச் சொல்லியிருப்பாங்க, மேனுவல்ல இருக்கும். பிரேக் ஃப்ளூயிட் லெவலும் ஒரு பார்வை. அது காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும், அதனால பெரும்பாலான வண்டிக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும், லெவல் இறங்கியிருந்தா பிரேக் பேட் தேஞ்சிருக்கான்னு பாக்கச் சொல்லுங்க.

கடைசியா டிக்கில இருக்கற ஸ்டெப்னி. அதுலயும் காத்து இறங்கும், அதையும் மாசாமாசம் அளங்க. சின்ன சைஸ் ஸ்டெப்னின்னா பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ வேணும், 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது. வீல் கழட்டி மாட்டினா நட்டை வரிசையா முறுக்காதீங்க, எதிர் எதிரா மாத்தி மாத்தி முறுக்குங்க, அப்புறம் 50ல இருந்து 100 கிலோமீட்டர் ஓட்டின அப்புறம் ஒரு தடவை நிறுத்தி எல்லா நட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்க.