உயரம் குறைந்தவர்கள் ஸ்குவாட் ரேக்கைப் பொருத்திக்கொள்ளும் முறை
ஸ்குவாட் என்பது பார் எனப்படும் நீண்ட எடைக்கம்பியைத் தோளில் சுமந்தபடி உட்கார்ந்து எழும் பயிற்சி; அந்தப் பாரைக் கொக்கிகளில் தாங்கி நிற்கும் சட்டகமே ரேக். கிருஷ்ணகிரியில் நான் செல்லும் உடற்பயிற்சிக் கூடத்தில், ஆறடி ஆள் விட்டுச்சென்ற ரேக்கின் கொக்கிகள் ஐந்தடி உயரமுள்ள என் மோவாய்க்கு நேராக நிற்கும். அப்படியே பாரை எடுத்தால் குதிகால் தரையை விட்டு எழும்பும், களைத்த கால்களுடன் திரும்ப வைக்கும்போதோ நிலை தடுமாறும். ஆகவே கொக்கிகளை நடுமார்பு உயரத்துக்கு இறக்குங்கள். அந்த உயரத்தில் கொக்கியை மாட்டச் சரியான துளை அமையாவிட்டால் அதற்குக் கீழுள்ள துளையே நல்லது. எடைத்தட்டுகளை அடுக்கி அவற்றின்மேல் ஏறி நிற்பது எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் பாரைச் சுமந்தபடி அவற்றிலிருந்து பின்னடி வைத்து இறங்க வேண்டியிருக்கும்.

அடுத்து, 20 கிலோ எடையுள்ள வெறும் ஒலிம்பிக் பாருடன் முழு ஆழத்துக்கு அமர்ந்து, பக்கத்திலிருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்லி, பார் வந்து நிற்கும் இடத்துக்கு இரண்டு விரற்கடை கீழே, எழ முடியாதபோது பாரைத் தாங்கும் பாதுகாப்புக் கம்பிகளை இருபுறமும் ஒரே மட்டத்தில் பூட்டுங்கள்.