உப்புக்காற்றில் ஒரு ஸ்டூடியோ: கனெக்டரிலும் பேட்ச்பேயிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லடியிலோ கல்முனையிலோ ஓர் அறையை ஸ்டூடியோவாக்குபவர்கள் மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் தாராளமாகச் செலவழித்துவிட்டு, கனெக்டர் வாங்கும்போதுதான் கையை இறுக்குகிறார்கள். இந்தக் கரையோரத்தில் முதலில் பழுதாவதும் அந்த மலிவுக் கனெக்டர்தான். மெல்லிய நிக்கல் பூச்சை உப்பு அரித்து, உள்ளே இருக்கும் பித்தளை பச்சை பூக்கும். மாரி முடிவதற்குள் கரகரப்பு தொடங்கிவிடும். மைக் கேபிளின் மூன்று முள் கனெக்டரான எக்ஸ்.எல்.ஆரில் தங்கப்பூச்சு முனை உள்ளதையே எடுங்கள். தங்கம் சத்தத்தை இனிமையாக்காது, அரிப்பைத்தான் தடுக்கும். பொருத்தும் இரு பக்கமும் தங்கமாக இருந்தால்தான் பலன்.

அடுத்த தவறு, எது எதோடு இணையும் என்று தாளில் வரையாமல் பேட்ச்பே வாங்குவது. கருவிகளின் உள்ளீடு, வெளியீடுகளை ஒரே இடத்தில் கூட்டி, சிறு கேபிளால் மாற்றி இணைக்கும் துளைப்பலகைதான் பேட்ச்பே. 6.35 மில்லிமீற்றர் ஜாக் உள்ள வழக்கமான பேட்ச்பேயில் மேலே 24, கீழே 24 என 48 துளைகள் இருக்கும். மேல்வரிசை வெளியீடுகளுக்கு, கீழ்வரிசை உள்ளீடுகளுக்கு. கூத்துப் பதிவு ஒன்றை எடுத்துக்கொள்வோம்: அண்ணாவியாருக்கு ஒரு மைக், மத்தளத்துக்கு இரண்டு, சல்லரிக்கு ஒன்று, பிற்பாட்டுக்கு இரண்டு. மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்பின் ஆறு வெளியீடுகள் மேலே, அதைக் கணினிக்குக் கொண்டுபோகும் இன்டர்ஃபேஸின் ஆறு உள்ளீடுகள் நேர் கீழே. இவற்றை ஹாஃப் நோர்மலில் வையுங்கள். கேபிள் குத்தாதபோது சிக்னல் தானாகக் கீழே இறங்கும். மேலே குத்தினால் கிளை பிரியும், கீழே குத்தினால் பழைய வழி அறுபடும்.

பலரும் தடுக்கி விழும் இடம், சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரெசர். அதன் வெளியீட்டை மேலேயும் அதே கம்ப்ரெசரின் உள்ளீட்டை நேர் கீழேயும் வைத்து ஹாஃப் நோர்மலில் விட்டால், வெளியீடு தன் உள்ளீட்டுக்கே திரும்பி ஊளையிடும். அந்த நிரலை மட்டும், மேலும் கீழும் தமக்குள் இணையாத த்ரூ முறைக்கு மாற்ற வேண்டும். சில பேட்ச்பேயில் இதற்கான சுவிட்ச் மேல்தகட்டில் இருக்கும். றாக்கில் ஏற்றிய பிறகு கை எட்டாது, முன்பே மாற்றிவிடுங்கள்.

மைக் வயரை ஜாக் பேட்ச்பே வழியாகக் கொண்டுபோகவே வேண்டாம். ஜாக்கைக் குத்தும்போது அதன் முனை மற்றத் தொடுமுனைகளையும் உரசிக்கொண்டே உள்ளே போகும். மைக் வயர் வழியாகவே மைக்குக்கு மின் கொடுக்கும் 48 வோல்ற் ஃபான்ரம் ஓடும்போது இப்படி நடந்தால், உள்ளே மெல்லிய உலோக நாடா உள்ள ரிப்பன் மைக் சேதப்படலாம். மைக் எக்ஸ்.எல்.ஆரிலேயே நேராக ப்ரீஆம்புக்குப் போகட்டும். பவர் ஆம்ப்பிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வயரும் பேட்ச்பேயைத் தொடக்கூடாது.

குத்தும் கேபிளையும் பாருங்கள். முனையில் ஒரு கறுப்பு வளையம் இருந்தால் அது கிட்டார் கேபிள், இரண்டு இருந்தால் மூன்று தொடுமுனை உள்ள ரி.ஆர்.எஸ். கிட்டார் கேபிளைக் குத்தினால், இரு கம்பியில் சிக்னலை அனுப்பி இரைச்சலைத் தள்ளும் பாலன்ஸ் போய் ஹம் என்ற இரைச்சல் நுழையும், சில கருவிகளில் அளவு 6 டெசிபெல் இறங்கும். எட்டுச் சனலை ஒன்றாகக் கொண்டுபோகும் 25 முள் டி-சப் கேபிளில் ராஸ்கம், யமஹா என இரு முள் ஒழுங்குகள் உண்டு. கருவியின் கையேட்டைப் பார்த்தே வாங்குங்கள்.

ஈயம் வைக்கும்போது எக்ஸ்.எல்.ஆரில் முள் 1 ஷீல்ட் (உறைக்கம்பி), 2 ஹொட் (நேர் சிக்னல்), 3 கோல்ட் (எதிர் சிக்னல்). 63 வீதம் வெள்ளீயமும் 37 வீதம் ஈயமும் கலந்த 63/37 ரொசின் ஈயக்கம்பி போதும். சட்டி, வாளி ஒட்டும் அமிலப் பசை அறவே வேண்டாம். மிஞ்சும் அமிலம் நம் ஈரக்காற்றில் இணைப்பைத் தின்றுவிடும்.

கீழ்வரிசை ஜாக்கின் உள்ளே சிக்னலைக் கடத்தும் சுருள்தகடு, மாதக்கணக்கில் எதுவும் குத்தப்படாமல் கிடந்தால் கறுத்து, ஒரு சனல் திடீரென அறுந்து வரும். மாதம் ஒருமுறை கீழ்வரிசை முழுவதிலும் ஒரு ப்ளக்கைச் சிலமுறை குத்தி எடுங்கள். கறுப்பு விடாவிட்டால் ப்ளக்கில் கொன்ராக்ற் கிளீனர் கொஞ்சம் தெளித்துக் குத்துங்கள். துருப்பிடித்த பூட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே தூசியைப் பிடித்து வைக்கும், அதை இங்கே அடிக்காதீர்கள்.