நாள்பட்ட நுரையீரல் நோய்: கிருமியை மட்டும் பார்த்து ஏமாறும் இடங்கள்

நுரையீரல் நோய் வருஷக்கணக்கில் இழுத்தால் வழக்கமாக இரண்டு கேள்விகள்தான் வரும். என்ன கிருமி? எதிர்ப்புச் சக்தி எப்படி இருக்கிறது? இரண்டும் மோதிக்கொள்ளும் இடம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பவர் குறைவு. தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

நுரையீரலை இரண்டு பலூன்களாக நினைப்பது முதல் தவறு. மூச்சுக்குழாய் இரண்டிரண்டாகப் பிரிந்து, சுமார் 23 முறை கிளைத்த பிறகுதான் காற்றறைகளில் முடிகிறது. போகப்போகக் காவலும் மாறுகிறது. மேலே உள்ள குழாய்களில் சளிப் படலம். அதன் அடியில் நொடிக்கு 10 முதல் 20 தடவை அசையும் சிலியா என்ற மயிரிழைகள். தூசியோ பாக்டீரியாவோ சளியில் ஒட்டினால் தொண்டை வரை தள்ளிக்கொண்டு வந்துவிடும், நாமும் தெரியாமலே விழுங்கிவிடுவோம். கீழே காற்றறையில் சளி கட்டினால் மூச்சே போய்விடும். அதனால் அங்கே மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கணுக்கள் சத்தமில்லாமல் தின்று தீர்க்கின்றன. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே அங்கிருக்கும் சுவர் ஒரு மைக்ரான்கூட இல்லை. அதை வைத்துக்கொண்டு பெரிய சண்டை போட முடியுமா?

'எதிர்ப்புச் சக்தியை ஏற்றினால் சரியாகிவிடும்' என்பது அடுத்த தவறு. எனக்கு அந்தச் சொல்லே கொஞ்சம் அலுப்பு. ஏற்றி இறக்க அது என்ன, ரேடியோ சத்தமா? பிராங்கியெக்டாசிஸ் என்ற மூச்சுக்குழாய் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். குழாய்ச் சுவர் தளர்ந்து விரிந்துவிட்டது. சளி நகராமல் குட்டையாக நிற்கிறது. கிருமி குடியேறுகிறது. அதை அழிக்க நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து எலாஸ்டேஸ் என்ற நொதியைக் கொட்டுகின்றன. அந்த நொதி சுவரின் மீள்நாரையே அரிக்கும், சிலியாவையும் கெடுக்கும். சுவர் இன்னும் விரியும், குட்டை பெரிதாகும், கிருமிக்கு இன்னும் வசதி. பீட்டர் கோல் என்ற மருத்துவர் 1986-இல் இதை ஒரு விஷச் சுழற்சி என்று விளக்கினார். இங்கே எதிர்ப்புச் சக்திக்குக் குறைவே இல்லை. அது கிருமியை எட்ட முடியாமல் வீட்டை இடித்துக்கொண்டிருக்கிறது.

இப்படிச் சளி தேங்குபவர்கள் இருமலை அடக்கும் சிரப்பைத் தாங்களாகவே குடிப்பதும் தவறுதான். இருக்கும் ஒரே வடிகாலை ஏன் அடைக்க வேண்டும்?

ஆரோக்கியமான நுரையீரலில் கிருமியே இருக்காது என்றுதான் வெகுநாள் நம்பினார்கள். அப்படி இல்லை. தூக்கத்தில் வாயிலிருந்து கிருமி கலந்த எச்சில் துளித்துளியாக உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கிறது. நல்ல நுரையீரல் அதை உடனுக்குடன் வெளியே அனுப்பிவிடுகிறது. நோயுற்ற நுரையீரலில் வந்தது தங்கிவிடுகிறது. ஆக்சிஜன் குறைந்த கெட்டிச் சளியில் அதற்கு ஏற்ற பாக்டீரியாக்கள்தான் பெருகும். ஆகவே சளியில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் 'சூடோமோனாஸ்' என்ற பாக்டீரியாவின் பெயர் வந்தால் அதை ஒரே மாதிரி வாசிக்கக் கூடாது. முதல் தடவை தென்பட்டதென்றால் அடியோடு அழிக்கப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. பல வருஷமாக பயோஃபிலிம் என்ற பிசுபிசுப்பான பாதுகாப்புப் படலம் கட்டிக் குடியிருப்பது வேறு கதை. அதை ஒரு ஆண்டிபயாடிக் கோர்ஸ் துடைத்துவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். காய்ச்சல் இருக்கிறதா, சளியின் அளவும் நிறமும் மாறியதா, மூச்சுத்திணறல் கூடியதா என்பதையும் சேர்த்துத்தான் மருத்துவர் முடிவெடுப்பார்.

நுரையீரல் தழும்பேறி விறைத்துப்போகும் நோயில் இதற்கு நேரெதிரான தவறு நடந்தது. எல்லாம் அழற்சி என்று நினைத்து எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுத்தார்கள். காரணம் தெரியாமல் வரும் தழும்பு வகையில் பிரெட்னிசோனும் அசதயோபிரினும் சேர்ந்த சிகிச்சையைச் சோதித்தபோது இறப்பு கூடியது. அந்த ஆய்வு முடிவு 2012-இல் வெளியானது.

கடைசியாக, பழைய காசநோய். மருந்து கிருமியைக் கொன்றுவிடும். கிருமி தின்ற பொந்து அப்படியே இருக்கும். உள்ளே ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை பந்து மாதிரி உருண்டு வளரலாம். நோயாளியைப் புரண்டு படுக்கச் சொல்லிப் படம் எடுத்தால் சிலருக்கு அந்தப் பந்து பொந்துக்குள் இடம் மாறுவதே தெரியும். இருமலில் ரத்தம் வந்ததும் காசநோய் திரும்பிவிட்டது என்று, சளியைச் சோதிக்காமலே பழைய மாத்திரைகளை மறுபடி தொடங்குவது பெரிய தவறு. காசநோய் மாத்திரை பூஞ்சையைத் தொடாது. பூஞ்சைக்கான மருந்தும் அந்தப் பந்துக்குள் சரியாக இறங்காது. அதனால்தான், தாங்கும் உடல்நிலை உள்ளவர்களுக்கு அந்தப் பொந்தையே அறுத்து எடுக்கிறார்கள்.