கட்டுச்சோறுக்கு முன்னாடியே நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள்

நாள் தள்ளிப்போனதும் நம்ம பக்கம் முதல் போன் அம்மாயிக்குப் போகும், அடுத்தது கோயம்புத்தூர் பெரிய டாக்டருக்கு. ஊருக்குள்ளேயே துணை சுகாதார நிலையத்தில் இருக்கும் கிராம சுகாதார செவிலியரை, அதான் நர்ஸம்மாவை, யாரும் நினைப்பதே இல்லை. தனியாரில்தான் பிரசவம் என்று முடிவு செய்திருந்தாலும் சரி, 12 வாரத்துக்குள் அவரிடம் பதிந்துவிடுங்கள். அப்போது தரும் பிக்மி எண்ணைத்தான் (கர்ப்பப் பதிவு எண்) முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கும் (தகுதி இருந்தால், அதில் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும்), பின்னாடி பிறப்புச் சான்றிதழுக்கும் கேட்பார்கள்.

ஒவ்வொரு முறை போகும்போதும் பிபி, எடை, ரத்த அளவு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடக்கூடாது. ராத்திரி சாப்பிட்டபிறகு ஒரு நெல்லிக்காயோடு போட்டால் நன்றாக உடம்பில் சேரும். மலம் கருப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ கட்டுச்சோறு விருந்து முடிந்து தாய் வீட்டுக்குப் போகிறீர்கள் அல்லவா, அங்கேதான் கோட்டை விடுகிறோம். என் தங்கச்சி கோபியிலிருந்து காங்கேயத்துக்கு வந்தபோது பலகாரம் அஞ்சு தூக்கு வந்தது, தாய் சேய் அட்டை மட்டும் மாமியார் வீட்டு பீரோவிலேயே கிடந்தது. கிளம்பும் முன்னாடி இந்த ஊர் நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டு, போன மறுநாளே அந்த ஊர் நர்ஸம்மாவைப் பார்த்து அட்டையைக் காட்டுங்கள்.

தீராத தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், ரத்தம் படுவது, பனிக்குடம் உடைவது, வயிற்றில் குழந்தையின் அசைவு குறைவது: இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அந்தக் காலத்து மருத்துவச்சி வீட்டிலேயே பார்க்கவில்லையா என்று சில பேர் கேட்பார்கள். பார்த்தார்தான், கைராசிக்காரர்கூட. ஆனால் ரத்தப்போக்கு நிற்காவிட்டால் அவரிடம் மருந்து கிடையாது. இன்றைக்கு ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் செவிலியர் ஆக்ஸிடோசின் ஊசி போடுவது அந்த ரத்தப்போக்கைத் தடுக்கத்தான். 2018-ல் நம்ம திருப்பூரிலேயே யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்க்கப்போய் ஒரு பெண் இறந்துபோனார்.

பிறந்தபிறகும் 42 நாள் வரைக்கும் தாயையும் பிள்ளையையும் பார்ப்பது நர்ஸம்மாவின் வேலைதான், வரவில்லை என்றால் போன் போட்டுக் கூப்பிடுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரைக்கும் தண்ணீர்கூட வேண்டாம். சீனித்தண்ணீரும் சங்குமாக ஆத்தா வந்து நின்றால் மருமகள் பேச்சு எடுபடாது. அதனால் அவரை முன்கூட்டியே நர்ஸம்மாவிடம் கூட்டிப்போய் உட்கார வைத்துவிடுங்கள், அவர் சொன்னால் ஆத்தா சங்கை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவார்.