மார்ச்சில் நாற்று, ஜூனில் நடவு: ரொறன்ரோ வீட்டுக்குள் மிளகாய், கத்தரி, தக்காளி

ரொறன்ரோவில் கத்தரியும் மிளகாயும் காய்க்க வேண்டுமென்றால், வெளியே பனி கிடக்கும்போதே வேலையைத் தொடங்க வேண்டும். கடைசி உறைபனி மே இரண்டாம் வாரம் வரைக்கும் வரலாம். முதல் உறைபனி அக்டோபரில் திரும்பிவிடும். நடுவில் ஐந்து மாதம் இருந்தாலும் கத்தரிக்குப் பிடித்த சூடு ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரைதான். விதையிலிருந்து முதல் காய்க்கு நான்கு மாதம் எடுக்கும் செடிக்கு அது காணாது. அதனால் முதல் இரண்டு மாதத்தை வீட்டுக்குள் கழிக்க வைக்கிறோம்.

நாற்று கெடுவது பெரும்பாலும் ஒரே குழப்பத்தால். முளைக்கும்வரை விதைக்கு வேண்டியது சூடு. முளைத்த அன்றிலிருந்து வேண்டியது வெளிச்சம். விதைத்தட்டைக் குளிர்ந்த சன்னலோரத்தில் வைத்துவிட்டு, முளைத்த நாற்றை இருட்டான வெப்பத்தில் வளர்ப்பவர்கள் இரண்டையும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

நாள் பார்ப்பது

ஊரில் ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்று பார்ப்போம். இங்கே நாள் குறிப்பது விக்டோரியா தினம், அதாவது மே 25க்கு முந்தைய திங்கட்கிழமை. அதற்குப் பிறகே தக்காளியை வெளியே நடுவது வழக்கம். மிளகாய்க்கும் கத்தரிக்கும் இன்னும் ஒரு வாரம், பத்து நாள் பொறுக்க வேண்டும். இரவு வெப்பநிலை 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்காத நாள் வந்தால் போதும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

மிளகாய், கத்தரி: நடுவதற்கு 8 முதல் 10 வாரம் முன்பு. மார்ச் பிற்பகுதி.
தக்காளி: 6 முதல் 7 வாரம் முன்பு. ஏப்ரல் முதல் வாரம்.
பாகல், புடல், பீர்க்கு, வெண்டி: 3 முதல் 4 வாரம் முன்பு. மே முதல் வாரம்.

முள்ளங்கி, கொத்தமல்லி, வெந்தயம் ஆகியவற்றை வீட்டுக்குள் தொடங்காதீர்கள். நேரே மண்ணில் தூவினால் போதும். பயித்தங்காய் விதையை மண் சூடான பிறகு ஜூனில் வெளியே ஊன்றலாம். அவரை வேறு கதை. கொடியவரையின் பழைய வகைகள் பகல் குறுகினால்தான் பூக்கும். இங்கே கோடைப் பகல் 15 மணி நேரத்துக்கு மேல். கொடி வேலியெல்லாம் படர்ந்து செப்டம்பரில் பூ வைக்கும், அடுத்த மாதமே உறைபனியில் கருகும். காய் வேண்டுமென்றால் குத்தவரை (கொடி படராத, பகல் நீளம் பார்க்காமல் பூக்கும் செடியவரை) விதை தேடுங்கள். சிறகவரைக்கும் இதே சிக்கல்தான்.

முந்திப் போட்டால் முந்திக் காய்க்கும் என்று பிப்ரவரியிலேயே தக்காளி போடுகிறவர்கள் உண்டு. மே மாதம் அந்தச் செடி இரண்டடி உயரத்தில், சட்டிக்குள் வேர் சுருண்டு, பூவும் வைத்துக்கொண்டு நிற்கும். வெளியே நட்டால் இரண்டு மூன்று வாரம் அப்படியே முழித்துக்கொண்டு நிற்கும். ஏப்ரலில் போட்ட சின்ன நாற்று அதற்குள் அதைத் தாண்டிவிடும்.

விதை உயிரோடு இருக்கிறதா?

டப்பாவில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் விதையை நம்பித் தட்டை நிரப்பாதீர்கள். தக்காளி, கத்தரி விதைகள் நன்றாக வைத்திருந்தால் நான்கு ஆண்டு தாங்கும். மிளகாயும் வெண்டியும் இரண்டு ஆண்டிலேயே தளர ஆரம்பிக்கும். வெங்காயம் ஓராண்டுதான். ஈரமான பேப்பர் டவலில் பத்து விதையைப் பரப்பி மடித்து, ஸிப் பையில் போட்டுச் சூடான இடத்தில் வையுங்கள். தக்காளிக்கு ஒரு வாரம், மிளகாய்க்கு இரண்டு வாரம் கொடுங்கள். ஏழு முளைத்தால் நல்ல விதை. நாலைந்துதான் என்றால் குழிக்கு மூன்று விதை போடுங்கள். அதற்கும் குறைந்தால் புது விதை வாங்குவதே லாபம். ஊரிலிருந்து விதை கொண்டுவந்தால் விமான நிலையத்தில் சொல்லியே ஆகவேண்டும். எல்லா விதைக்கும் அனுமதி கிடையாது.

தட்டும் கலவையும்

தோட்டத்து மண்ணை உள்ளே கொண்டுவராதீர்கள். சின்னக் குழியில் அது களிபோல் இறுகும், கூடவே பூஞ்சையும் பூச்சி முட்டையும் வரும். கடையில் விதைக்கென்று விற்கும் மண்ணில்லாக் கலவை போதும். நீங்களே கலப்பதென்றால் கோகோபீட் இரண்டு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு, வெர்மிகுலைட் ஒரு பங்கு (பின்னவை இரண்டும் லேசான கனிமத் துகள்கள்). கோகோபீட் என்பது நம் தும்புச்சோறுதான், தமிழ்நாட்டில் நார்க்கழிவு என்பார்கள். 650 கிராம் கட்டி நாலு லீட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறி எட்டு ஒன்பது லீட்டராகும். சில கட்டிகளில் உப்பு இருக்கும் என்பதால் ஒருமுறை அலசிப் பிழிந்துவிட்டுக் கலக்கவும். அதில் சத்து என்று பெரிதாக ஒன்றுமில்லை. உரம் பின்னால் நாம்தான் கொடுக்க வேண்டும்.

கலவையைக் காய்ந்தபடி குழியில் நிரப்பி மேலே தண்ணீர் ஊற்றினால் மேல்பக்கம் மட்டும் நனையும், அடி வறண்டே கிடக்கும். முதலில் வாளியில் நனையுங்கள். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் அதிகம். கையைத் திறந்ததும் உருண்டை பொலபொலவென உதிர்ந்தால் குறைவு.

72 குழித் தட்டு தக்காளி, மிளகாய், கத்தரிக்குச் சரி. தயிர்க் கிண்ணம் என்றால் அடியில் மூன்று ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். போன ஆண்டுத் தட்டானால் ஒரு பங்கு பிளீச்சும் ஒன்பது பங்கு தண்ணீரும் கலந்த கரைசலில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவவும்.

விதைப்பதும் சூடும்

தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றுக்கும் அரை சென்டிமீட்டருக்குச் சற்றே கூடிய ஆழம். குழிக்கு இரண்டு விதை. மேலே மெல்லத் தட்டிவிட்டு, தெளிப்பானால் நனைத்து, தெளிவான மூடி அல்லது பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் வகையும் நாளும் எழுதிய குச்சி செருகுங்கள். நாற்றாக இருக்கும்போது உறைப்பு மிளகாய்க்கும் குடைமிளகாய்க்கும் வித்தியாசம் யாருக்கும் தெரியாது.

பாகலுக்கும் புடலுக்கும் தனி ஏற்பாடு. தோல் தடித்த விதை, சும்மா போட்டால் முளைக்குமுன் அழுகிவிடும். விதையை விரலிடுக்கில் பிடித்து, நகவெட்டியால் ஓரத்தோட்டில் ஒரு சின்ன வெட்டு. உள்ளே வெள்ளைப் பருப்பு கண்ணில் பட்டதும் நிறுத்திவிடுங்கள், பருப்பில் காயம் படக்கூடாது. பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் 12 மணி நேரம் ஊறவைத்து, ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில் படுக்கையாக வையுங்கள். இவற்றுக்கு வேர் கலைந்தால் பிடிக்காது. முதலிலேயே ஒரு விதைக்கு ஒரு நான்கங்குலச் சட்டி. வெண்டிக்கு வெட்டு வேண்டாம், ஓரிரவு ஊறினால் போதும்.

இனி சூடு. மிளகாய், கத்தரி முளைக்கக் கலவையின் வெப்பம் 27 முதல் 30 டிகிரி இருக்க வேண்டும், தக்காளிக்கு 24 முதல் 27. அறை வெப்பத்தைச் சொல்லவில்லை, கலவையின் வெப்பத்தைச் சொல்கிறோம். ஈரமான கலவை அறையைவிட இரண்டு டிகிரி குளிர்ந்தே இருக்கும். 28 டிகிரியில் எட்டு ஒன்பது நாளில் தலை காட்டும் மிளகாய், 20 டிகிரியில் இரண்டு வாரம் எடுக்கும், 15இல் மூன்று வாரத்துக்கும் மேல். அத்தனை நாள் ஈரத்தில் கிடக்கும் விதையில் பாதி அழுகும். விதைக்கென்றே விற்கும் ஹீட் மேட் (தட்டுக்கு அடியில் விரிக்கும் மின்சூட்டு விரிப்பு) அறை வெப்பத்தைவிட ஐந்து முதல் பத்து டிகிரி கூட்டும். தெர்மோஸ்டாட் சேர்த்து வாங்கி, அதன் முனையைக் கலவைக்குள் செருகுங்கள். மனிதர் படுக்கும் மின்போர்வையை இதற்குப் பயன்படுத்தக் கூடாது, தண்ணீரும் அதுவும் சேரக்கூடாதவை.

பாதி விதை வெளியே வந்ததும் மூடியை எடுத்து, தட்டை ஹீட் மேட்டிலிருந்து இறக்கிவிடுங்கள். சில நாற்றின் தலையில் விதைத்தோல் தொப்பிபோல் ஒட்டியிருக்கும். இழுத்தால் தலையே கையோடு வரும். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து அரை மணி நேரம் ஊறவிட்டு, விரல் நுனியால் மெல்ல உருட்டினால் கழன்றுவிடும்.

வெளிச்சம்

தெற்குப் பார்த்த சன்னல் இருக்கிறதே என்பீர்கள். மார்ச் மாதச் சன்னல் போதாது. வெளிச்சம் ஒரு பக்கமிருந்து மட்டும் வருகிறது, மேகமூட்டமான நாளோ அதிகம். நாற்று நூல்போல் நீண்டு சாய்ந்துவிடும். நான்கடி நீள எல்.இ.டி. ஷாப் லைட், நிறம் 5000 முதல் 6500 கெல்வின், வெளிச்சம் 4000 லூமனுக்குக் குறையாதது வாங்குங்கள். ஊதா நிறத்தில் எரியும் விளக்குக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. அதில் நாற்றின் இலை மஞ்சளா பச்சையா என்பதே தெரியாது. சங்கிலியில் தொங்கவிட்டு, நாற்றின் தலைக்கு மேல் 5 முதல் 8 சென்டிமீட்டரில் வையுங்கள். ஒரு முழ உயரத்தில் தொங்கவிட்டுவிட்டு நாற்று நீள்கிறதே என்று வருந்துவதில் பயனில்லை. செடி வளர வளரச் சங்கிலியை ஏற்றுங்கள். டைமரில் 16 மணி நேரம் எரியட்டும், எட்டு மணி நேரம் இருட்டு.

இப்போது சூடு குறைய வேண்டும். தக்காளிக்குப் பகலில் 20, இரவில் 16, 17 டிகிரி. மிளகாய்க்கும் கத்தரிக்கும் இரவில் 18க்குக் குறையாமல் பாருங்கள். குழிக்கு இரண்டு முளைத்தால் நோஞ்சானைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் ஆடும்.

தண்ணீரும் கழுத்தழுகலும்

நேற்றுவரை நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் தரையோடு படுத்திருக்கும். குனிந்து பார்த்தால் கலவையைத் தொடும் இடத்தில் தண்டு நீர்கோத்து, நூலாகச் சுருங்கியிருக்கும். இதுதான் கழுத்தழுகல், நாற்றழுகல் என்றும் சொல்வார்கள். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற கிருமிகளின் வேலை. விழுந்த நாற்றுக்கு மருந்து கிடையாது. அந்தக் குழிகளை எடுத்து எறிந்துவிட்டு, மிச்சத்தைக் காப்பாற்றலாம்: மேல்பக்கம் காயட்டும், சின்ன மின்விசிறியை மிதமாக ஓடவிடுங்கள். காரணம் பெரும்பாலும் நம் பாசம்தான், தினமும் தண்ணீர் ஊற்றுவது.

மேலே ஊற்றாமல் அடித்தட்டில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் விட்டு 20, 30 நிமிடத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். மறுபடி எப்போது என்பதைத் தட்டைத் தூக்கிப் பாருங்கள், கை சொல்லும். காய்ந்த தட்டு பஞ்சாக இருக்கும். பொடிக்கொசுபோல் சிறு ஈ பறந்தால் அதுவும் ஈரம் கூடியதன் அடையாளம். மஞ்சள் ஒட்டுத்தாள் வைத்து மேற்பரப்பைக் காயவிடுங்கள்.

முதலில் விரியும் இரண்டும் வித்திலைகள். அடுத்து வரும் உண்மையான இலை விரிந்ததும் திரவ உரத்தை டப்பாவில் சொன்ன அளவில் கால்வாசியாகக் கரைத்து வாரம் ஒருமுறை கொடுங்கள். மீன் கரைசல் நல்ல உரம்தான், ஆனால் மூடிய வீட்டில் அந்த மணத்தோடு குடியிருக்கப்போவது நீங்கள். இலையடி ஊதாவாகத் திரும்பினால் உடனே உரத்தைக் கூட்டாதீர்கள். வேர் குளிர்ந்திருந்தால் மணிச்சத்தை (பாஸ்பரஸை) எடுக்க முடியாமல் அப்படி ஆகும், முதலில் இடத்தைச் சூடாக்குங்கள். அடியிலை வெளிறி மஞ்சளானால் அது பெரும்பாலும் பசி.

இரண்டு, மூன்று உண்மையான இலை வந்ததும் நான்கங்குலச் சட்டிக்கு மாற்றுங்கள். இலையைப் பிடித்துத் தூக்குங்கள், தண்டைப் பிடிக்காதீர்கள். இலை போனால் இன்னொன்று வரும், தண்டு நசுங்கினால் செடியே போச்சு. தக்காளியை வித்திலை வரை புதைக்கலாம், புதைந்த தண்டிலும் வேர் விடும். மிளகாயும் கத்தரியும் முன்பிருந்த மட்டத்திலேயே.

வெளியே பழக்குவது

இரண்டு மாதம் உழைத்ததை ஒரே பிற்பகலில் இழப்பது இங்கேதான். விளக்கடியில் வளர்ந்த இலைக்கு நேர்வெயில் தெரியாது. மே வெயிலில் நாலு மணி நேரம் வைத்தால் இலை காகிதம்போல் வெளுக்கும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், காற்று அடிக்காத மூலையில். நாளுக்கு ஒரு மணி கூட்டி, நான்காம் நாளிலிருந்து காலை வெயில் காட்டுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் நாள் முழுக்க நிற்கும். இரவு பத்து டிகிரிக்குக் கீழே என்றால் உள்ளே எடுத்துவிடுங்கள். வெளியே காற்றில் சட்டி வேகமாகக் காயும், பகலில் இருமுறை பாருங்கள்.

மேகமான நாளின் மாலையில் நடுங்கள். கத்தரிக்கும் மிளகாய்க்கும் நிலத்தைவிட ஐந்து கேலன் கறுப்புச் சட்டி நல்லது, வெயிலில் வேர்ப்பகுதி சீக்கிரம் சூடேறும். நிலத்தில் நடுவதென்றால் மண் 18 டிகிரிக்கு வரட்டும். தண்டைச் சுற்றி டாய்லெட் பேப்பர் உருளையில் வெட்டிய வளையத்தை மூன்று சென்டிமீட்டர் புதைத்து வைத்தால் இரவில் தண்டை அறுக்கும் வெட்டுப்புழு அண்டாது. நட்ட பிறகு இரவு எட்டு ஒன்பது டிகிரிக்கு இறங்கும் என்று அறிவித்தால், வாளியைக் கவிழ்த்து மூடிவிட்டு, காலையில் வெயில் ஏறுமுன் எடுத்துவிடுங்கள்.